பிலோமினா கூடு

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்குக் கூடு வண்டி வரும். மீன்காரர் மாதிரியே ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும். "மாடத்தி கூடு, லூர்து கூடு, செய்யது கூடு வந்திருக்கு." சர்க்கரைக்காரர்கள் மாடத்தி கூடு கேட்பார்கள், பார்வை மங்கியவர்கள் லூர்து கூடு. தோளில் ஊசியை ஒரு அழுத்து, முடிந்தது வேலை. எதிர்வீட்டுச் சகாயம் மதினி ஊர் வம்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவாள். நான் மட்டும் வண்டிச் சத்தம் கேட்டதும் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

அந்தக் கூடு எங்கிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரியும். எச்.ஐ.வி. கிருமியின் கூடுதான். உள்ளே இருக்கும் நஞ்சை எடுத்தெறிந்துவிட்டு, செல்லைச் சரிசெய்யும் மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். செல்லின் உட்கருவுக்குள் அத்தனை நைசாகப் புகத் தெரிந்தது வேறு எதுவுமில்லையாம். எவர் உடம்பில் வளர்ந்த கிருமியோ அவர் பேர்தான் கூட்டுக்கு. பேர் இல்லாத கூடு ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, சட்டம். செத்துப்போனவர்கள் பேரை வாய் நிறையச் சொல்லும் இதே தெரு, உயிரோடு அந்தக் கிருமியைச் சுமக்கிறவள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அவள் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்குமா? குடிக்காது.

கப்பலுக்குப் போன என் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த சீர் அது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அது என்னோடு தங்கிவிட்டது. மகள் அமலி தப்பிப் பிறந்தாள். தெருவைப் பொறுத்தவரை நான் போடுவது பிரஷர் மாத்திரை. அந்தப் பொய்யும் தீரும் நாள் வந்திருந்தது. வரும் புதன்கிழமை எனக்குத் துடைப்பு. உடம்பிலிருந்து கிருமியை ஒட்ட வழித்தெடுத்துவிடுவார்கள். அந்தப் புதனுக்காகத்தான் நான் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் அமலிக்கு வந்த நோய் வேறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள், இப்போது டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நரம்பு செத்துக்கொண்டு வந்தது. கைக்கு அடுத்தது மூச்சு என்று சொல்லிவிட்டார்கள். நரம்புக்கான கூட்டைப் போட்டும் பலனில்லை. அளவைக் கூட்டினார்கள், மரபணுவை மாற்றினார்கள். என் பிள்ளை கை அப்படியே தொங்கியது.

திங்கட்கிழமை டாக்டர் இசக்கிராணி வீட்டுக்கே வந்தாள். மாத்திரை தந்து என்னைப் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான்.

"தப்பு எங்க மேலதான்க்கா. கூட்டையே நோண்டிக்கிட்டு இருந்துட்டோம். வாசலப் பார்க்கல."

"என்ன வாசல்? புரியும்படியாச் சொல்லு."

"கூட்டுக்குச் சொந்தமாக் கால் கிடையாது. நம்ம புரதங்கதான் அதைச் சுமக்கும். ஒண்ணு போர்த்தி மறைக்கும். உட்கரு வாசல்ல நிக்கிறது உள்ள விடும். உள்ள இருக்கிற அழைப்புப் புரதம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவும். அமலிக்கு அந்த அழைப்புப் புரதம் வேற மாதிரி. எங்க கூடு எதையும் அது கண்டுக்கிடல."

"அது அவளுக்கு எங்கயிருந்து வந்துச்சு?"

"உங்ககிட்ட இருந்துதான். உங்களுக்கும் அதேதான். ஆனா உங்க கிருமி உள்ள போயிருக்கு. இத்தனை வருஷமா மாறி மாறி, உங்க வாசலுக்குன்னே பழகியிருக்கு. அமலி வாசல் திறக்கணும்னா அந்தக் கூடுதான் வேணும்."

என்னைத் தின்ற சனியன், என் மகளுக்கு மருந்தா?

"துடைப்ப நிறுத்தணும்க்கா. கூடு சரியா அமையுற வரைக்கும் ரத்தம் வேணும். பொறவு, பேரு..."

"வேற பேரு போடு."

"முடியாதுக்கா. அந்தக் காலத்துல பேரு சொல்லாம ஒதுக்கி வச்ச சனங்களுக்காக வந்த சட்டம் அது."

"நல்லா வந்துச்சு சட்டம். தெரு முழுக்க மைக் வச்சுச் சொல்லப் போறீங்க."

அமலி கட்டிலில் இருந்து சொன்னாள்: "வேண்டாம்மா. புதன்கிழமை போயிட்டு வா. நீ பட்டது போதும்."

சொல்லும்போதே தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தாள். அது நழுவி மடியில் கவிழ்ந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினேன். "எடு. முப்பது வருஷமாத் தின்னுட்டுக் கிடந்தது, ஒரு நாளாவது உழைக்கட்டும்."

மழைக்காலம் போனது. கூடு தயாராகி அமலிக்குப் போட்டார்கள். பங்குனியில் அவள் கட்டைவிரல் அசைந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையில் இசக்கிராணியும் அழுதுவிட்டாள். உள்ளே போய்விட்டது! பூட்டியிருந்த வாசலைத் திறந்துகொண்டு ராணி மாதிரி உள்ளே போய்விட்டது. எங்களைப் போலவே வாசல் மாறிப் பிறந்தவர்கள் எத்தனையோ ஊரில் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் போனது.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தெரு முனையில் வண்டி திரும்பியது.

"மாடத்தி கூடு, லூர்து கூடு, பிலோமினா கூடு வந்திருக்கு."

எதிர்வீட்டுப் படியிலிருந்து சகாயம் மதினி என்னைப் பார்த்தாள். "ஏன் மதினி, உங்க பேருல்லா சொல்லுதான்? யாரது?"

என் கால்கள் பழக்கத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பின. அமலி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க போற? நில்லும்மா."

"விடுட்டி, வலிக்குது."

அவள் விடவில்லை. நானும் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். கையை உருவ முடியவில்லை.

"நான்தான் மதினி," என்றேன், தெரு முனை வரை கேட்கும்படி.