எட்டில் ஒரு பங்கு

முப்பந்தல் ஏற்றத்தில் ஞானசிகாமணியின் முழங்கால் எட்டுப் பேருக்கு வலித்தது. அவருக்கு முட்டியில் லேசாக. மற்ற ஏழு பேருக்கும் முன்கையில், காப்பு கட்டிய இடத்தில், யாரோ பிடித்து அழுத்துவது போல.

பங்குக்காப்பு வந்த பிறகு முழு வலியையும் ஒருவரே அனுபவிப்பது அநாகரிகம் என்றாகிவிட்டது. பிரசவ அறைக்கு வெளியே மாமியார், மைத்துனர், அடுத்த வீட்டுக்காரர் வரை காப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் யாருடைய நரம்பு கத்தினாலும் காப்பு அதைச் சமமாக வெட்டி எல்லோருக்கும் வைத்துவிடும். வாங்குகிறவருக்கு எவ்வளவு வலி என்று தெரியும். யாருக்கு, எங்கே என்று தெரியாது.

ஆரல்வாய்மொழி சைக்கிள் சங்கத்துக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணவாய்க் காற்றில் தனியாக மிதிப்பவன் பாதி வழியில் திரும்பிவிடுவான். அதனால் வரிசையாகத்தான் போவார்கள். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவர்களுக்காக எதிர்காற்றைத் தாங்குவான், களைத்ததும் விலகிக் கடைசிக்கு வருவான். அவனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, எவ்வளவு நேரம் தாங்கினான் என்று கேட்பதுமில்லை. அதே மரியாதையை வலிக்கும் கொடுத்தார்கள். முன்கை இறுகினால் யாருடையது என்று கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் தாணுமாலயன், ஞானசிகாமணியின் முப்பது வருடச் சேக்காளி.

மூட்டு டாக்டர் ஜெஸிந்தாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "வலியைப் பங்கு போட்டுட்டீங்க சார். தேய்மானத்தை யாரு வாங்குவா? சாய்வு சைக்கிளுக்கு மாறுங்க. முதுகைச் சாய்ச்சுக்கிட்டு, காலை முன்னால நீட்டி மிதிக்கலாம். கையிலயும் இடுப்புலயும் பாரமே இருக்காது, முட்டும் பிழைச்சுக்கும்."

ஞானசிகாமணி கடைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அதில் உட்கார்ந்தும் பார்த்தார். சொர்க்கமாக இருந்தது. ஆனால் தரையோடு தரையாகப் போகும் அந்த வண்டியின் பின்னால் யாரும் காற்றுக்கு ஒதுங்க முடியாது. அது வரிசையில் சேராது. மனைவி போய், பிள்ளைகள் தூரமாகி, அறுபத்தெட்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசை ஒன்றுதான். அதை விட்டுவிட அவருக்குப் பயமாக இருந்தது.

தாணுமாலயனிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கட்டிலை எடுத்துட்டு ரோட்டுக்கு வாரீராக்கும்? சவம், உம்ம முட்டு எங்களுக்கும் கொஞ்சம் வலிச்சிட்டுப் போவுது. நீரு பேசாம வரிசையில வாரும்வே."

வந்தார். இந்த ஞாயிறும் வந்தார். ஏற்றத்தின் பாதியில் முன்கைகள் திடீரென்று இறுகின, வழக்கத்தைவிடப் பலமாக.

"அண்ணாச்சி முட்டு இன்னைக்குப் பொளந்து கட்டுதே," என்றான் பின்னால் வந்த பிறைசூடி, சங்கத்தில் வயதில் சின்னவன். எல்லோரும் சிரித்தார்கள். சற்று முன்புதான் முன்னாலிருந்து விலகிக் கடைசிக்குப் போயிருந்த தாணுமாலயனின் சிரிப்பும் கேட்டது.

ஞானசிகாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய முன்கையும் இறுகியிருந்தது. சொந்த வலி சொந்த முன்கைக்கு வராது. இது வேறு யாருடையதோ. கேட்க வாயெடுத்தவர், சட்டம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார். இன்னொன்றும் இருந்தது. இத்தனை காலம் தன் முட்டியைச் சுமந்தவர்களில் ஒருவருக்காவது இன்று தன்னால் திருப்பிச் செய்ய முடிகிறதே என்ற சந்தோஷம். யாரோ வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், மறைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

"ஆமாடே, இன்னைக்குக் கொஞ்சம் கூடுதல்தான்," என்று பழியைத் தானே ஏற்றுக்கொண்டார்.

இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தார்கள். முன்கை சட்டென்று தளர்ந்தது. அதே நொடியில் அவருடைய முழங்கால் முன்பைவிடக் கூடுதலாக வலிக்கத் தொடங்கியது. ஏன் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. செத்த உடம்புக்குக் காப்பு பங்கு வைப்பதில்லை. அவர் வலியை இப்போது ஏழு பேர்தான் சுமக்கிறார்கள்.

பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். தாணுமாலயன் சாலையோரம் சைக்கிளோடு சரிந்து கிடந்தார்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் பரிசோதித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "மாரடைப்பு. நெஞ்சு வலிக்குன்னு ஏதாவது சொன்னாரா?"

"காலைல தின்ன ரசவடை எரியுதுன்னார். அவ்வளவுதான்," என்றார் ஒருவர்.

"எட்டில ஒரு பங்குதானே அவருக்கு. அப்படித்தான் இருந்திருக்கும்," என்றாள் நர்ஸ்.

பிறைசூடி அழுதான். "உங்க முட்டுன்னுல்லா நினைச்சோம் அண்ணாச்சி. நீங்களும் ஆமான்னு சொன்னீங்களே."

"என் முட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்டே."

பிறைசூடி, "கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை," என்றான். ஞானசிகாமணி குனிந்து, சரிந்து கிடந்த தாணுமாலயனின் சைக்கிளை நிமிர்த்தினார். கேட்டிருந்தால் தாணு பிழைத்திருப்பான் என்ற எண்ணம் இனி சாகும்வரை தன்னை விடாது என்று அவருக்குத் தெரிந்தது. அந்த வலியைக் காப்பு யாருக்கும் பங்கு வைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது முன்கை மறுபடியும் இறுகியது. முகங்களைப் பார்த்தால் தனக்கு மட்டுமல்ல என்று தெரிந்தது. சங்கத்தில் முதல்முறையாக ஞானசிகாமணி அதைக் கேட்டார்.

"யாருக்குவே?"

ஒவ்வொருவரும் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். "எனக்கில்ல" என்றார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள், உண்மையாகவே. கேட்டிருந்தால் தாணுமாலயனும் அதைத்தான் சொல்லியிருப்பார்.