இரண்டாவது சாட்சி

கிடங்கில் வேலை பார்த்துச் செத்த அபிதகுசாம்பாளின் உயிருக்கு அவள் வீட்டார் முதலில் சொன்ன விலை மூன்று லட்சம். அருணாச்சலம் முதலாளி பேசிப் பேசி ஒன்றேமுக்காலில் முடித்தார். பட்டுநூல் வாங்குவதிலும் அவர் அப்படித்தான்; அவரிடம் படியாத வியாபாரமே கிடையாது.

இரண்டு மாதம் கழித்து, ஆரணியில் அவருடைய கிடங்கு வாசலில் சுங்கத்துறை ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஃப்ளோரன்ஸ் இறங்கினாள். வெளியே பட்டப்பகல். உள்ளே இருட்டு, ஈரப்பட்டின் பிசின் வாடை. தகரத் தடுப்பைப் பிரித்ததும், கூரை முட்ட அடுக்கிய பேல் பொதிகள். வரி கட்டாமல் வந்த சீனத்துப் பட்டுநூல்.

"எடுத்துகினு போங்க மேடம்," என்று சிரித்தார் அருணாச்சலம். "பறிமுதல் மகஜர்ல கையெழுத்துப் போட வெளியாள் ரெண்டு பேர் வேணுமே? எவன் வருவான்?"

தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. சாட்சியில்லாத பறிமுதல் கோர்ட்டில் நிற்காது. விட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் சரக்கு மாயமாகிவிடும்.

டீ கொண்டுவந்த டீக்கடைப் பழனி மட்டும் நின்றான்.

டொக்.

பேல்களுக்கு அடியிலிருந்து.

டொக். டொக்.

"எலி," என்றார் முதலாளி.

"எலியா?" பழனி கிசுகிசுத்தான். "பேல் சரிஞ்சு அபிதாக்கா அடியில மாட்டிகினப்போ இப்டித்தான் தட்டிச்சு. ஆம்புலன்ஸ் வந்தா சரக்கு தெரிஞ்சிடும்னு கதவைப் பூட்டிட்டீங்க."

"டேய், நாளைக்கு நீ கடை வெக்கணுமா, வேணாமா?"

"வெப்பேன். உங்க வாசல்லயே வெப்பேன்." பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"ஒண்ணுதான் ஆச்சு," என்று விரலைக் காட்டினார் முதலாளி.

ஃப்ளோரன்ஸ் பேல்கள் பக்கம் திரும்பினாள். இருட்டைப் பார்த்து, கோர்ட்டில் பெயர் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிட்டாள்.

"அபிதகுசாம்பாள்! சாட்சிக்கு வர்றீங்களாம்மா?"

தட்டல் நின்றது.

முத்திரைக்காக உருக்கிய அரக்கை மகஜரின் அடியில் ஊற்றினாள். முத்திரையைக் கையில் எடுப்பதற்குள் அரக்கு தானாகக் குழிந்தது.

யாரும் தொடவில்லை.

ஒரு கட்டைவிரலின் பதிவு. ரேகைக்குக் குறுக்கே, நூல் அறுத்த பழைய வடு.

"டீ கிளாஸ் வாங்குறப்போ தினம் பாத்த விரல் மேடம்," என்றான் பழனி.

முதலாளி காட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

அந்த மகஜர் இப்போது அலுவலகப் பெட்டகத்தில் இருக்கிறது. அரக்கு இன்னும் ஆறவில்லை, தொட்டால் சுடுகிறது.

வேண்டிய சாட்சி இரண்டு. கையெழுத்து ஒன்று, ரேகை ஒன்று. அந்தக் கணக்கு நேர்.

உயிர்க் கணக்கு பாக்கி.