கசந்த சுரைக்காய்

ஈஸ்டருக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு மெர்சி ஜோகுபாளையத்து மாடியறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க சார். உள்ள வச்சுடுவாங்களாம்."

துப்பறிவாளர் சுப்பராயன் நாற்காலியைக் காட்டினார். உதவியாளர் சங்கமித்ரா அதை இழுத்துப் போட்டாள்.

மெர்சி மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். வீட்டுக்காரர் கோவிந்தன் மூன்று வாரமாக ஜூஸ் விரதம் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஜூஸ் குடித்தார். சிறிது நேரத்தில் வாந்தி, பேதி. பிறகு வாந்தியில் ரத்தம். இருட்டுவதற்குள் இறந்துவிட்டார்.

"ஏதோ விஷம்னு டாக்டர் சொல்றாராம். ஜூஸ் போட்டது நான். தினமும் மிச்சத்த நான்தான் குடிப்பேன். அன்னிக்குத் தொடல. அதப் பிடிச்சுக்கிட்டு அவரு மகன் ராகேஷ் கம்ப்ளைன்ட் குடுத்துட்டாரு."

"ஏன் தொடல?"

"பெரிய வெள்ளி சார். உபவாசம். சொன்னா, நல்ல சாக்குங்கறாரு."

"விரதம் அவருக்கு ஒத்துக்கிச்சா?" என்றாள் சங்கமித்ரா.

"வயித்துக்கு லீவு விட்டிருக்கேன்னு சிரிப்பாரு. எங்க லீவு? ராத்திரி பூரா உப்புசம், ஏப்பம். எழுந்தா தலசுத்தல். அவரு சம்சாரம் ருக்மிணியம்மா தினமும் தட்டு வைப்பாங்க. திரும்பிக்கூட பாக்க மாட்டாரு."

"வெள்ளிக்கிழமை என்ன ஜூஸ்?"

"சொரக்காதான், எப்பவும் போல. அன்னிக்கு மட்டும் பாவக்காயும் போடுன்னாங்க அம்மா."

"சொரக்கா எப்ப வாங்கினது?"

"முந்தின நாள். கூட்டு வைக்கறேன்னு அம்மா வெட்டினாங்க. அப்புறம் ரசம்தான் வச்சாங்க. வெட்டின காய் ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு."

சுப்பராயன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மல்லேஸ்வரத்தில் ருக்மிணி கதவைத் திறந்தாள். மெர்சியைப் பார்த்ததும் தலை குனிந்து வழிவிட்டாள். ராகேஷ் வெளியே போயிருந்தான். போலீஸ் மிக்ஸியையும் எலி மருந்தையும் எடுத்துப் போயிருந்தது. துக்க வீட்டில் அதற்குப் பிறகு அடுப்பு எரியவில்லை. ஃப்ரிட்ஜில் பாதிச் சுரைக்காய் அப்படியே இருந்தது.

சுப்பராயன் அதை நுனிநாக்கில் வைத்துத் துப்பினார். வாயை இரண்டு முறை கொப்பளித்தார்.

"பாவக்காயில விஷமா சார்?" என்றாள் சங்கமித்ரா.

"இல்லம்மா. இதுல. சொரக்கா சில சமயம் கசந்துபோகும். கசந்தா அதுவே விஷம். வெறும் வயித்துல ஒரு டம்ளர் போதும், குடல் புண்ணாயிடும்." அவர் ருக்மிணியின் பக்கம் திரும்பினார். "கூட்டுக்கு வெட்டினப்ப ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்திருப்பீங்க. எல்லார் வீட்டுலயும் செய்யறதுதான். கசந்திருக்கு. அதனாலதான் ரசம். ஆனா காயத் தூக்கிப் போடல. மறுநாள் பாவக்காய் சேக்கச் சொன்னீங்க. ஜூஸ் கசந்தா அவரு பாவக்காய்னு நினைச்சுப்பாரு. மெர்சியும் அன்னிக்கு எதையும் வாயில வைக்கல. கண்டுபிடிக்க ஆளில்ல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ருக்மிணி அதை மூடினாள்.

"சாகணும்னு நினைக்கல. ஒரு நாள் வயிறு கலக்கினா விட்டுடுவாருன்னு நினைச்சேன். மறுபடியும் சாப்பிட வருவாருன்னு."

"நான் குடிச்சிருந்தா?" என்றாள் மெர்சி.

"எனக்குத் தோணவே இல்லடி."

வாசலில் பைக் வந்து நின்றது. ருக்மிணி மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராகேஷுக்குத் தெரியாம இத முடிக்க முடியாதா மெர்சி?"