டல்சியும் பச்சைக் கோலியும்

கோலி பார்ப்பது பிரையோனியின் வேலை. அதில் வேறு யாரும் தலையிட முடியாது.

மாலையில் அவர்களுடைய வண்டி டல்சி எங்கே போய் நின்றாலும், பிரையோனிதான் முதலில் எழுந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் தன் பச்சைக் கோலியை வைப்பாள். கோலி பின்பக்கமாக உருண்டால், வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அப்பா டங்கன் இறங்கிப்போய்ப் பின் சக்கரங்களுக்குப் பின்னால் மரக்கட்டைகளை வைப்பார். அம்மா ஷோனா வண்டியை மெல்லப் பின்னால் எடுத்துக் கட்டைமேல் ஏற்றுவார்.

"இன்னும் கொஞ்சம்மா... இன்னும் ஒரு துளி... ம், போதும்."

பிரையோனி 'போதும்' சொன்ன பிறகுதான் அடுப்பே பற்றும். ஒருநாள் அவளைக் கேட்காமல் அப்பா முட்டையை உடைத்து ஊற்றிவிட்டார். ஐந்து முட்டையும் வாணலியின் ஒரே ஓரத்தில் போய்க் குவிந்துகொண்டன. அதிலிருந்து கோலிக்கு வீட்டில் பெரிய மரியாதை.

டல்சி ஒரு வீட்டு வண்டி. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, செர்ரிப்பழம் போட்ட திரைச்சீலை எல்லாம் அதற்குள் உண்டு. அப்பாவைவிட அதற்கு வயது அதிகம். மேடு வந்தால் சைக்கிள்காரர்கள்கூடக் கையசைத்துவிட்டு முந்திப்போவார்கள். பிரையோனிக்கு அதில் துளியும் வெட்கம் இல்லை. அவளும் திரும்பக் கையசைப்பாள்.

டல்சியை ஓட்டுவது அம்மா. எஞ்சினைக் கவனிப்பது அப்பா. தினமும் காலையில் புறப்படும்போது அப்பா ஒரே வரிசையில்தான் வேலை செய்வார். முதலில் கேஸை மூடுவார். அலமாரிக் கதவுகளுக்குக் கொக்கி போடுவார். அம்மா வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கியதும் கட்டைகளைப் படுக்கைக்கு அடியில் தள்ளுவார். கடைசியாக எஞ்சின் மூடியைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற நீளக் கம்பியை உருவி, ஒரு பழைய காலுறையால் துடைப்பார். துடைத்த கம்பியை மறுபடி உள்ளே விட்டு எடுப்பார்.

கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் டல்சிக்கு நல்ல ஆரோக்கியம்.

வீட்டு முற்றத்தில் பார்த்தபோதெல்லாம் அது நடுவில்தான் நின்றிருக்கிறது. கடற்கரைக்குப் போன பயணங்களிலும் அப்படித்தான். இந்த ஜனவரி விடுமுறையில்தான் முதல்முறையாக ஓட்டாகோ மலைப்பக்கம் வந்தார்கள். வந்ததிலிருந்து டல்சி மாறிப்போனது.

முதல் நாள் காலையிலேயே ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. அப்பா டப்பாவைத் திறந்து ஊற்றினார். அடுத்த நாளும் கீழே. மறுபடி ஊற்றினார். அதற்கடுத்த நாளும் அதே கதை.

"நேத்துதானே ஊத்தினேன். ராத்திரியில எழுந்து குடிக்குதா இது?" என்றார் அப்பா.

"தினமும் மேடு ஏறுதில்ல, அதுக்கும் தாகம் எடுக்காதா?" என்றார் அம்மா. அப்போது அவர்களால் சிரிக்க முடிந்தது.

மதியம் லிண்டிஸ் கணவாயில் ஏறும்போது சிரிப்பு நின்றுபோனது. டல்சியின் பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பியது. கொஞ்சநஞ்சம் இல்லை, சாலையே தெரியாத அளவுக்கு. பின்னால் வந்த ஒரு பண்ணைக்காரர் வண்டியை ஒட்டி நிறுத்தி, உள்ளே ஆட்டை வைத்துச் சுடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா கியரைக் குறைத்தார். ஊர்ந்து ஊர்ந்து கணவாயைத் தாண்டி, ஏரிக்கரையில் பயணிகள் தங்கும் ஒரு முகாமுக்கு எப்படியோ டல்சியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த முகாம் ரென்விக் என்பவருடையது. கட்டையான மனிதர், சிவந்த முகம், தோட்டம் முழுக்கப் பிளம் மரங்கள். அவர் டல்சியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தார். வண்டியைத் தனக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றிவிட்டுப் பிளம் மரத்தடியில் நிறுத்தினால் விருந்தினர் தங்க அருமையான அறை ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

அப்பா ஆயில் டப்பாவை எடுத்து ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்துவிட்டார். காலையில் டிராக்டரோடு வருகிறேன் என்று சொல்லி ரென்விக் போனார்.

பிரையோனி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சக்கரத்தைக் கழட்டிட்டா அது எப்படிப்பா டல்சி?"

"எஞ்சின் ஆயிலைக் குடிக்குது, புகையாக் கக்குது. ரிப்பேர் பண்ற நிலைமையெல்லாம் தாண்டிப் போச்சு கண்ணு. உன்னையும் அம்மாவையும் வச்சுக்கிட்டு நடுவழியில நிக்க எனக்குத் தைரியம் இல்ல."

அப்பாவின் குரலே சரியில்லை. பிரையோனி வண்டிக்குள் திரும்பிப் போனாள். பழக்க தோஷத்தில் கோலியை மட்டும் மேசையில் வைத்தாள். அது அசையவே இல்லை. ஏரிக்கரை அவ்வளவு சமதளம். அன்றைக்குக் கட்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை கோகோ கோப்பையை எடுத்துக்கொண்டு பிரையோனி வெளியே வந்தாள். படகு இறக்குகிற சரிவில் கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரிவில் வைத்ததால், கீழ்ப்பக்கம் கோகோ விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மேல்பக்கம் நன்றாக இறங்கியிருந்தது.

அதே கோப்பை. அதே கோகோ. ஒரு பக்கத்தைப் பார்த்தால் நிறைய, இன்னொரு பக்கத்தைப் பார்த்தால் குறைவு.

பிரையோனி கோப்பையை முறைத்துப் பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலையில் எங்கே நிறுத்தினாலும் டல்சியின் மூக்கை மேட்டுப் பக்கமாகத்தான் நிறுத்துவார். எழுந்ததும் முன் கண்ணாடி வழியாக மலையைப் பார்க்கவேண்டும் அவருக்கு. அதனால்தான் தினமும் பின் சக்கரத்துக்குக் கட்டை. ஆனால் அப்பா ஆயில் பார்ப்பது கட்டையை எடுத்த பிறகு அல்லவா?

அவள் எழுந்து ஓடினாள். பாதிக் கோகோ வழியிலேயே சிந்தியது.

"அப்பா, அளவுக் கம்பி எஞ்சினோட முன்பக்கம் இருக்கா, பின்பக்கமா?"

"முன்பக்கம். இப்ப எதுக்கு அது?"

பிரையோனி ரொட்டி சுடும் நீளத் தகரத்தை எடுத்தாள். மிச்சக் கோகோவை அதில் ஊற்றி, கொஞ்சம் தண்ணீரும் விட்டாள்.

"இதுதான் எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி. வீட்டு முற்றத்துல இப்படி நேரா இருக்கும்." தகரத்தின் முன்முனையில் ஒரு ஐஸ் குச்சியை விட்டு எடுத்தாள். குச்சி பாதிவரை நனைந்திருந்தது. "மலையில கட்டையை எடுத்ததும் இப்படி." தகரத்தின் முன்முனையை உயர்த்தினாள். கோகோ பின்னால் ஓடியது. மறுபடி விட்டு எடுத்த குச்சியில் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

"கோகோ குறையலப்பா. பின்னாடி போயிடுச்சு, அவ்வளவுதான்."

அப்பா குச்சியைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். "போதாததுக்கு, கட்டையை விட்டு இறக்கறதுக்காக எஞ்சினை ஓட்டியிருப்போம். அப்ப மேலே ஏறின ஆயில் தொட்டிக்கு இறங்கி வரவே நேரம் ஆகும்" என்று முணுமுணுத்தார்.

"இப்ப பாருங்க. இங்க கோலி அசையாம நிக்குது. டல்சியும் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கு."

அப்பா எழுந்து போனார். கம்பியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"குறையவே இல்ல. நான்தான் தினமும் ஊத்தி ஊத்தி மூக்குமுட்டக் குடிக்க வச்சிருக்கேன். அதான் புகை." அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று.

"பாவம், அதுக்கு வாய் இருந்தா முதல் நாளே போதும்னு சொல்லியிருக்கும்" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே பெரிய பேசினை எடுத்துவந்துவிட்டார்.

அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, தொட்டியின் அடி நட்டைத் தளர்த்தினார். ஆயில் பேசினில் கொழகொழவென்று இறங்கியது. கொஞ்சம் இறங்கியதும் நட்டை இறுக்கிவிட்டு அளவு பார்ப்பார். மறுபடி கொஞ்சம், மறுபடி அளவு. ஒவ்வொரு முறையும் கம்பியைத் துடைத்துக் கொடுத்தது பிரையோனிதான்.

ஆயில் நடுவுக்கு வந்த நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. ரென்விக் வந்துவிட்டார்.

"எனக்காக ஆயிலெல்லாம் எதுக்கு வடிச்சீங்க? எஞ்சினைத் தூக்கிப் போடத்தானே போறேன்" என்றார் அவர்.

அப்பா துணியால் கையைத் துடைத்தபடி நின்றார். வாக்குக் கொடுத்தாயிற்றே. பிரையோனி முன்னால் வந்தாள்.

"அங்கிள், ஒரே ஒரு தடவை எஞ்சின் ஓடறதைக் கேட்டுட்டு அப்புறமா கழட்டுங்க."

கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று ரென்விக் கையைக் கட்டிக்கொண்டார். அம்மா சாவியைத் திருப்பினார். டல்சி ஒரு முறை இருமியது. பின்னால் நீலப் புகை குப்பென்று வந்தது. பிரையோனி கோலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் மீதி புகைந்து தீரட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். புகை மெலிந்தது. பிறகு வெளுத்தது. பிறகு இல்லவே இல்லை. எஞ்சின் சீராக, நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

ரென்விக் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"இப்படி ஓடுற வண்டியை மரத்துல கட்டிப் போட்டா என் பொண்டாட்டியே என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் கையில் ஆயில் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

ரென்விக் சும்மா விடவில்லை. முகாமில் இருக்கும் தன் மர அறையில் தங்குகிறவர்கள் கட்டிலிலிருந்து சரிந்து விழுவதாகக் குறை சொல்கிறார்களாம். கோலியோடு ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று பிரையோனியைக் கேட்டார். அவள் அங்கே போய்க் கோலியைத் தரையில் வைத்தாள். அது விர்ரென்று ஓடி அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. அதை வெளியே எடுக்க ரென்விக் தரையில் படுத்து எழுந்தார். கோலியோடு ஒரு கூடை பிளம் பழமும் அவளுக்குக் கிடைத்தது.

அன்றிரவு தங்கியது ஒரு மலைச்சரிவில். அம்மா வழக்கம்போல டல்சியின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தினார். கோலி பின்னால் ஓடியது, கட்டை வந்தது, கோலி நின்றது.

காலையில் அப்பா கேஸை மூடி, அலமாரிகளுக்குக் கொக்கி போட்டதும், அம்மா சாவியைக் கையில் எடுத்தார். பிரையோனி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"முதல்ல ஆயில். அப்புறம்தான் கட்டையிலிருந்து இறங்கறது."

அப்பா பழைய காலுறையை அவளிடம் நீட்டினார். அவளே கம்பியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தாள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் நின்றது, மேசைமேல் நின்ற பச்சைக் கோலியைப் போலவே.