ஆண்டவன் ஊர்

நாவலில் பிணம் விழுந்தால் எழுத்தாளர் சேனாதிபதிக்குக் கை பரபரக்கும். இங்கே அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

பெருமாள்மலை. 1961, ஐப்பசி மாதம். காலை பத்து மணி. தாத்தா கட்டிய வீட்டுக்குள் பெரியப்பா மகன் பழனிவேல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சுருண்டு கிடந்தார். வாயோரம் நுரை. பக்கத்தில் உருண்டிருந்த காலித் தம்ளரில் பேரி மரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் நாற்றம்.

அடுத்த துப்பறியும் நாவலுக்குப் பூர்விக ஊரையே களமாக வைக்கலாம் என்றுதான் சேனாதிபதி மெட்ராஸிலிருந்து வந்து கொடைக்கானலில் அறை எடுத்திருந்தார். பழனிவேலின் தம்பி ஞானவேல் அவரைத் தினமும் கூட்டிக்கொண்டு அலைந்தான். குலசாமி கோயில், அடுக்கம் கிராமத்துக்கு இறங்கும் பழைய பாதை, எல்லாம் அவன் காட்டியதுதான். ஓட்டல்காரனுக்குத் தோட்டத்தை விற்க அண்ணன் விடவில்லை என்பதைத் தவிர அவன் வேறு குறை சொன்னதில்லை. உடன்பிறப்பு இல்லாத சேனாதிபதிக்கு அவன் மேல் உயிர்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஜாபர் அலி அதே வீட்டில் விசாரணையை ஆரம்பித்தார். அப்போதுதான் வெளியூரிலிருந்து திரும்பியிருந்த பழனிவேலின் மனைவி சண்முகவள்ளி தூணைப் பிடித்தபடி நின்றாள்.

"புருஷன் பேரு?"

அவள் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் காட்டினாள்.

"பழனிவேல். சரி. காலையில எங்க போனீங்க?"

"ஆண்டவன் ஊருக்குங்க. நேத்திக்கடன். வெள்ளனே மொத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன். அவுக தூங்கிக்கிட்டு இருந்தாக."

"குடிக்க ஏதாவது வச்சுட்டுப் போனீங்களா?"

"இல்லீங்க."

ஞானவேல் குறுக்கிட்டான். "பஸ் நிக்கிற எடத்துல மதினியப் பாத்தேங்க. 'பழனிக்குப் போறேன், ஒங்க அண்ணனுக்குச் சுக்குக் காப்பி போட்டு வச்சிருக்கேன்'னு சொன்னாங்க."

"ஐயோ! நான் ஆரையும் பாக்கலையே!"

ஜாபர் அலி பெருமூச்சு விட்டார். அவருக்கு விஷயம் முடிந்துபோயிற்று. "கெளம்புங்கம்மா. ஸ்டேஷன்ல பேசிக்குவோம்."

ஆண்டவன் ஊர். முந்தாநாளும் அவள் அப்படித்தான் சொன்னாள். மலைக்காரர்களின் பழைய பெயர் போலிருக்கிறது, நாவலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சேனாதிபதி சந்தோஷப்பட்டிருந்தார். இப்போது காலண்டரைப் பார்த்ததும் அது எந்த ஊர் என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தம்பி பிழைப்பான், இவள் தூக்கில் தொங்குவாள்.

"ஞானவேலு, மதினி சொன்னதை ஒரு வார்த்தை மாறாம சொல்லு."

"அதான் சொன்னேனே அண்ணே. 'பழனிக்குப் போறேன்'னாங்க."

"ஊர்ப் பேரை அவங்க வாயாலயா?"

"பின்ன? என் காதால கேட்டேன்."

சேனாதிபதி திரும்பினார். "மதினி, போன ஊர்ப் பேரைச் சொல்லுங்க. சொன்னா விட்டுருவாங்க."

அவள் உதடு துடித்தது. கண்ணீர் கொட்டியது. பெயர் வரவில்லை.

"அதுல அவுக பேரு இருக்கே, தம்பி" என்று முனகினாள்.

ஜாபர் அலி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இன்ஸ்பெக்டர் சார்," என்றார் சேனாதிபதி, "ஜெயிலுக்குப் பயந்துகூடச் சொல்லாத பேரை, பஸ்ஸுக்கு நிக்கிறப்ப சொல்லியிருப்பாங்களா? ஆம்பளைங்க நமக்கு அது வெறும் ஊர். பொய்யைக் கட்டுறப்ப இவன் தன் வாய்ப் பேச்சை அவங்க வாயில வச்சுட்டான். தம்ளர் காலி. வீசுனது பூச்சிமருந்து நாத்தம் மட்டும்தான். மதினி சொல்லலைன்னா, அது சுக்குக் காப்பின்னு இவனுக்கு எப்படித் தெரியும்? கலந்தவனுக்குத்தான் தெரியும். அண்ணனும் போய், மதினியும் போனா, தோட்டத்தை விக்கத் தடையில்லையே."

ஞானவேல் வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். மெல்ல உட்கார்ந்தான்.

"நம்ம ரத்தம்னு ஒனக்குத் தோணலையா அண்ணே?"

"தோணுச்சு. அதனாலதான் இவ்வளவு நேரம் வாயைத் தொறக்கல."

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. சுடுகாட்டில் விறகு அடுக்கி முடிந்ததும் வெட்டியான் நிமிர்ந்து பார்த்தான்.

"கொள்ளி யாருங்க?"

பழனிவேலுக்குப் பிள்ளையில்லை. தம்பி விலங்கோடு வத்தலக்குண்டுக்குப் போய்விட்டான். கூட்டம் சேனாதிபதி பக்கம் திரும்பியது. ஞானவேலைக் காட்டிக் கொடுத்த பிறகு அந்த வம்சத்தில் மிச்சமிருந்த ஆண் அவர் ஒருவர்தான்.

சேனாதிபதி சட்டையைக் கழற்றினார்.