டீச்சர் போட்ட தப்புக் கணக்கு

குடையை உதறிவிட்டு நிமிர்ந்தவளுக்கு மூச்சே நின்றுபோனது.

முதல் பெஞ்சில் அவன்.

போட்டோவில் பார்த்த அதே கண்கள். ஏசி மெக்கானிக். பன்னிரண்டாவது பாஸ். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வரப்போகிறவன்... பத்தாவது தனித்தேர்வு எழுதுகிறவர்களுக்கான வகுப்பில் அவனுக்கு என்ன வேலை?

அவனும் பார்த்துவிட்டான். முகம் வெளுத்தது. வேறு யாரும் வரவில்லை. வெளியே அப்படி ஒரு மழை.

"நீங்கதானா... புது டீச்சர்?" எழுந்து நின்றான். "டிகிரி முடிச்சவங்கன்னு உங்க அண்ணன் சொன்னார். இங்க கிளாஸ் எடுக்கறதைச் சொல்லலையே."

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்திருப்பவளை இதுவரை யாரும் டீச்சர் என்றதில்லை.

"பன்னிரண்டாவதுன்னு சொன்னாங்க?"

"எங்க மாமா விட்ட கதை. நான் எட்டோட நின்னுட்டேன்."

"பொய் சொல்லித்தான் பொண்ணு பார்ப்பீங்களோ?"

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கூசியது.

அவன் தலை குனிந்தபடி கணக்கு நோட்டை நீட்டினான். "அப்புறமா திட்டுங்க. அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா எவ்வளவு? எனக்குத் தப்பாவே வருது."

சாக்பீஸை எடுத்தாள். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.

அவன் கண்கள் கலங்கின.

"நான் போட்ட அதே தப்பு. பார்த்துட்டு, அதையே எழுதிக் கேலி பண்றீங்க..." பையை எடுத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வரலைங்க. உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்."

வாசல் வரை போய்விட்டான்.

"கேலி இல்ல." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "கேலி இல்லங்க. எனக்குத் தெரிஞ்சதே அவ்வளவுதான். நான் ஒன்பதாவது ஃபெயில். டிகிரி... அது எங்க அண்ணன் விட்ட கதை."

அவன் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப என்னைத் திட்டினது?"

"பயத்துல."

அவன் தரையைப் பார்த்தே சொன்னான். "போட்டோ வந்த அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. டிகிரின்னாங்க. எட்டோட உங்க முன்னாடி எப்படி உட்கார்றதுன்னு, மறுநாளே இங்க வந்து சேர்ந்தேன். உங்களுக்கு... கொஞ்சமாவது பிடிச்சுதா?"

"போட்டோல பிடிக்கல."

அவன் நிமிர்ந்தான்.

"இப்ப, பையை எடுத்தீங்களே... அப்ப."

பலகையில் இருந்த விடையை அழித்தாள்.

"தள்ளி உட்காருங்க. டீச்சர் வந்துடுவாங்க."