ஒருமனச் சலுகை

ஒரே மனசு இல்லாத நாலு பேருக்குக் கடல் மூன்று மடங்கு விலை. அலைமகள் சுற்றுலா நிறுவனம் இதைத் தன் வாசல் பலகையில் கொஞ்சம் நாகரிகமாக எழுதி வைத்திருந்தது: 'ஒருமனக் குழுக்களுக்குச் சிறப்புச் சலுகை.' மங்கையர்க்கரசி அதை மூன்று தரம் படித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். மதுரை வெயிலில் நின்றிருந்த அவளுடைய மூன்று தோழிகளும் மூன்று திசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுவனத்தைச் சொல்லிக் குற்றமில்லை. ஒருத்திக்குக் கோயில், ஒருத்திக்கு நண்டு, ஒருத்திக்கு அலை என்றால் மூன்று வண்டி வேண்டும், மூன்று ஓட்டுநர் வேண்டும், ஊர் திரும்பியதும் முப்பது புகாருக்குப் பதில் எழுத ஓர் ஆள் வேண்டும். ஒருமனக் குழுவுக்கு ஒரு வண்டி போதும். நாட்ட ஒட்டு வந்ததிலிருந்து ஊரே இப்படித்தான் நடக்கிறது. நாட்டமானிக்குள் தலையைக் கொடுத்தால், ஒருவருக்கு உள்ளூர எதில் நாட்டம் என்பதை அது படமெடுத்துக்கொள்ளும். அதை ஒரு தபால்தலை அளவு ஒட்டில் ஏற்றி இன்னொருவரின் காதுக்குப் பின்னால் ஒட்டினால், மூன்று நாளைக்கு அவருக்கும் அதே நாட்டம். அறிவு, ஞாபகம், முழங்கால் வலி எல்லாம் சொந்தம். ஆசை மட்டும் இரவல். மங்கையின் எதிர்வீட்டில் குடும்பமே மாமனாரின் ஒட்டைப் போட்டுக்கொண்டு பழைய கிரிக்கெட் பார்க்கிறது. அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்கள் எட்டு நிமிடத்தில் முடிகின்றன. வெள்ளிக்கிழமை எந்தக் கடையில் சாப்பிடுவது என்று சண்டை போட்ட கடைசித் தம்பதியைப் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

ஆனால் இந்த நால்வரும் பழைய கட்சி. பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது ஐம்பதைத் தொட்டாயிற்று. பதினோரு வருடமாக 'கடலுக்குப் போவோம்டி' என்று பேசி, பதினோரு வருடமாகப் போகவில்லை. ஜமுனாவுக்குக் கடற்கரை என்றால் கரையில் கோயில் இருக்க வேண்டும். எஸ்தருக்குக் கடல் என்பது சமைப்பதற்கு முந்தைய நிலையில் இருக்கும் சாப்பாடு. நூர்ஜஹான் தண்ணீரில் இறங்கினால் ஏறமாட்டாள். ஒரு தடவை வைகை அணையில் அவளை இழுத்து வரக் காவலர் வந்தது தனிக்கதை. ஒவ்வொரு வருடமும் தேதி பார்ப்பது, அறை பார்ப்பது, ஆளுக்கு நாற்பது தரம் போன் போடுவது எல்லாம் மங்கைதான். குடிநீர் வாரியத்தில் குறைதீர்ப்புப் பிரிவில் இருப்பவள்; நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் கேட்டுவிட்டு, மாலையில் இவர்கள் சாக்குகளைக் கேட்பாள். மகளுக்குப் பரீட்சை, நாத்தனாருக்குப் பிரசவம், பூனைக்குச் சளி.

போன மாதம் ஜமுனா சொல்லிவிட்டாள்: "இந்த வருசமும் நடக்கலேன்னா விட்ருவம்டி மங்கை. சும்மா பேசிப் பேசி வாய்தான் வலிக்குது."

விட்ருவம் என்றால் என்ன அர்த்தம் என்று மங்கைக்குத் தெரியும். போன் போடக் காரணம் இல்லாமல் போனால் போன் வராது. முப்பது வருடச் சிநேகிதம் பொங்கல் வாழ்த்துப் படமாகச் சுருங்கிவிடும். அதற்காகத்தான் இந்த வரிசையில் வந்து நிற்கிறாள். அதற்கும் அப்பால் அவளுக்கு ஒரு ஆசை உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், கடலைப் பார்த்துச் சும்மா உட்கார வேண்டும்.

"யார் மனசைப் போட்டுக்கப் போறீங்க?" என்று கேட்டாள் முகப்பில் இருந்த பெண்.

"அவ இஷ்டம்" என்றாள் எஸ்தர், ஜமுனாவைக் காட்டி.

"எனக்கென்ன, நூரு சொல்றதுதான்."

"ஆத்தி, என்னைய ஏன்டி இழுக்குறீக? எதுவானாலும் எனக்குச் சரி."

மூவரையும் அறிந்தவள் மங்கை. 'எதுவானாலும் சரி' என்று இவர்கள் சொன்னால், எதுவுமே சரியில்லை என்று பொருள். முகப்புப் பெண்ணும் இத்தகைய கூட்டங்களை நிறையப் பார்த்தவள் போலும். "யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்க, சட்டம். நாலு பேரும் நாட்டமானியில உக்காருங்க. அப்புறம் தனித்தனியா உள்ள போய் ஒரு பேரைத் தொடுங்க. நாலும் ஒண்ணா வந்தா சலுகை. இல்லேன்னா முழு விலை" என்றாள்.

"எங்க நாட்டம் என்னான்னு காட்டுவீங்களா?" என்று கேட்டாள் ஜமுனா, முகத்தில் லேசான கலவரத்தோடு.

"காட்டமாட்டோம்க்கா. அது அந்தரங்கம்."

ஜமுனா மூச்சு விட்டாள். என்ன ஒளித்து வைத்திருக்கிறாளோ, நமக்கெதற்கு.

மங்கை கடைசியாக உள்ளே போனாள். திரையில் நான்கு பெயர்கள். ஜமுனா பெயர்மேல் விரல் போயிற்று. மூன்று நாள் கோயில் பிராகாரம் சுற்றும் கால்வலியை நினைத்ததும் நகர்ந்தது. எஸ்தர் பக்கம் போயிற்று. அதற்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. நூர்ஜஹான் என்றால் நான்கு பேருக்கும் ஜலதோஷம். பதினோரு வருடக் களைப்பு விரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்படியும் நாலும் ஒன்றாக வரப்போவதில்லை, ஒரு தடவையாவது நமக்கு நாமே கேட்டுப் பார்த்தால் என்ன என்று தன் பெயரையே தொட்டுவிட்டு, திருடியவள் போல வெளியே வந்தாள்.

முகப்புப் பெண் சிரித்தாள். "நாலும் ஒண்ணுங்க. மங்கையர்க்கரசி."

மங்கை மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எஸ்தர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "நீதான்டி வருசா வருசம் கெடந்து லோல்படுற. ஒரு தடவ உன் ஆசைக்குப் போவமேன்னு..." நூர்ஜஹானும் ஜமுனாவும் தலையசைத்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொள்ளவே இல்லையாம். நான்கு பேர் பேசாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் காட்சி அவள் கண்முன் வந்தது. அவ்வளவு அமைதியான காட்சியை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை.

வியாழக்கிழமை காலை மூவரும் காதுக்குப் பின்னால் ஒட்டை ஒட்டிக்கொண்டார்கள். மங்கைக்குத் தேவையில்லை, அது அவளுடைய சொந்தச் சரக்கு. வண்டி மதுரையைத் தாண்டுவதற்குள் நூர்ஜஹான் எழுந்து பின்னால் போய்ப் பைகளை எண்ணினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி போய் எண்ணினாள்.

"ஒம்போதுதான் இருக்கு. நாம பத்து எடுத்தோம்."

"ஒம்போதுதான்டி எடுத்தோம்" என்றாள் ஜமுனா, மடியில் விரித்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "குறுக்க பேசாத. பதினொண்ணே காலுக்கு டீ, பதினொண்ணு அம்பதுக்கு பாத்ரூம். யாருக்காச்சும் முன்னாடியே வந்தா இப்பவே சொல்லிருங்க."

எஸ்தர் தன் கைபேசியை நீட்டினாள். "உன்னோடது தப்பு. அம்பது நிமிசத்துக்கு ஒருக்க நிறுத்தணும். நான் போட்ருக்கேன் பாரு. மழை வந்தா வேற, வராட்டி வேற."

மங்கைக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். நாட்டமானி அவளுக்குள் தேடி எடுத்தது கடலை அல்ல. அவள் ஆசைப்பட்டது வேறு, அவளுக்கு நாட்டம் வேறு என்று ஒரு இயந்திரம் முடிவு கட்டிவிட்டது. இவளுடைய நாட்டமெல்லாம் ஏற்பாடு செய்வதுதானாம்!

மணப்பாட்டில் இறங்கினார்கள். ஊர் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அழகாக இருந்தது. மேட்டின்மேல் தேவாலயம், கீழே வளைந்து கிடக்கும் கரை, அதைத் தாண்டி ஒருவரும் ஏற்பாடு செய்யாமலே வந்துகொண்டிருந்த அலை. மங்கை செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். ஒரே மனசுடைய மூன்று பெண்கள் அவளுக்குப் பின்னால் நின்று, மூன்று வெவ்வேறு திட்டங்களை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். மனசு ஒன்றானால் திட்டமும் ஒன்றாகிவிடும் என்று அந்த நிறுவனத்தில் யார்தான் நினைத்தார்களோ.

"மங்கை, எந்திரி" என்றாள் ஜமுனா.

"இப்பத்தானடி உக்காந்தேன்."

"அஞ்சு பத்துலருந்து அஞ்சு முப்பத்தஞ்சு வரைக்கும்தான் உனக்கு கடல் பாக்க நேரம் குடுத்துருக்கு. மணி அஞ்சு முப்பத்தாறு."

மூன்று நாளும் இதே கதை. நூர்ஜஹான் கரையில் நின்று துண்டுகளை எண்ணினாளே தவிர, பாதத்தை நனைக்கவில்லை. எஸ்தருக்கு முன்னால் பொரித்த நண்டு ஆறிப்போயிற்று. இரவுச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லியாயிற்றா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜமுனா திருச்செந்தூர்க் கோபுரத்தைக் கண்டதும் கும்பிடவில்லை. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தாள். மங்கை முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் கோபித்தாள். மூன்றாம் நாள் மாலை, படகுச் சவாரிக்குப் பிறகு சாப்பாடு வைத்திருக்கிறார்களே, முன்னால் அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று பொறுக்கமாட்டாமல் அவளே போய்த் தாளைத் திருத்தினாள். நால்வரும் அறைக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே சூரியன் தன்பாட்டுக்கு விழுந்தது.

ஞாயிறு காலை ஒட்டுகள் காய்ந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மூவரும் காய்ச்சல் விட்டவர்கள் போல மணலில் வந்து விழுந்தார்கள். மதியம் தாண்டும்வரை அப்படியே கிடந்தார்கள்.

"ஏன்டி" என்றாள் நூர்ஜஹான் கடைசியில். "உனக்கு எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி?"

"நெஞ்சுக்குள்ள ஒருத்தி குந்திக்கிட்டு, நீ கைய விட்டா எல்லாம் போச்சு, ஒருத்தியும் வரமாட்டாளுகன்னு சொல்லிக்கிட்டே இருப்பாளே, அப்படி. நான் என்னமோ உனக்கு இதெல்லாம் பிடிக்கும், அதான் செய்யுறன்னு நெனச்சேன்."

மங்கை மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டாள்.

"பயமாடி அது?" என்றாள் எஸ்தர். "நீ கூப்பிடாட்டியும் நாங்க வந்துருப்போம்டி."

"நான் கூப்பிட்டே பதினோரு வருசம் வரலியேடி."

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வைதான் என்று வைத்துக்கொள்வோம். ஜமுனாதான் எழுந்து போனாள். கரையோரம் இருந்த நிறுவனத்தின் குடிலில் பேசி, ஒரு புது ஒட்டோடும் கத்தரிக்கோலோடும் வந்தாள்.

"நூரு மனசு இதுல இருக்கு. நகக்கண் அளவுக்கு வெட்டி ஒட்டுனா ஒரு மணி நேரமாம். நீ ஒரு மணி நேரம் நீயா இல்லாம இருடி. காதக் காட்டு."

"சலுகை வண்டி வர்றதுக்கு மட்டுந்தான்டி, திரும்ப நாலே முக்காலுக்கு ரயில். திருச்செந்தூர் போகணும், வண்டி சொல்லணும்..."

"மணி ரெண்டுதான் ஆகுது. காதக் காட்டுங்கிறேன்ல."

ஜமுனா தாராளக் கைக்காரி. கல்யாண வீட்டில் பாயசம் ஊற்றினால் இலை தாண்டி ஓடும். நகக்கண் அளவு என்றால் கட்டைவிரல் நகம் என்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் மங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெஞ்சுக்குள் குந்தியிருந்தவள் எழுந்து போனது தெரிந்தது. போனபிறகுதான் அவள் எவ்வளவு கனம் என்று தெரிந்தது. கடல் மட்டும் மிஞ்சியது. மங்கை சேலையோடு நடந்து இறங்கினாள். முதல் அலை முழங்காலை அடித்தது, இரண்டாவது இடுப்பை. மூன்றாவது அவளைத் தூக்கிப் புரட்டி, வாய் நிறைய உப்பைக் கொடுத்துக் கரையில் போட்டது. அவள் கத்திச் சிரித்தாள். குடிநீர் வாரியத்தில் இந்தச் சிரிப்பை ஒருவரும் கேட்டிருக்க முடியாது. நூர்ஜஹான் தன் பங்குக்கு ஓடிவந்து குதித்தாள். எஸ்தர் கரையில் உட்கார்ந்து, சுடச்சுட வந்த நண்டை ஓடு ஓடாக உடைத்தாள். ஜமுனா மேட்டைப் பார்த்து, எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முந்தானையை விரித்துப் படுத்துத் தூங்கியே போனாள். இப்படி நால்வரும் ஒரே கரையில், ஆளுக்கொரு மனசாக, யாரும் யாரையும் கூப்பிடாமல் இருந்தார்கள்.

காதுக்குப் பின்னால் ஏதோ வழுக்கி விழுந்தது. அடுத்த அலை அதை எடுத்துக்கொண்டு போயிற்று.

இடுப்பளவு நீரில் நின்றபடி மங்கை கரையைப் பார்த்தாள். நிழல்கள் நீண்டிருந்தன. நண்டு ஓடுகள் ஒரு குவியல். "மணி என்னடி?" என்று அவள் கத்திய குரலில் ஜமுனா பதறி எழுந்தாள்.

மணி நாலு நாற்பது. ரயில் நிலையம் முக்கால் மணி நேரம். நாலு பேரில் ஒருத்திக்குக்கூட அந்த ரயில் நினைவில்லை. நெஞ்சுக்குள் குந்தியிருந்தவளைப் பொய்க்காரி என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவள் இரண்டரை மணி நேரம் விடுப்பு எடுத்தாள், ரயில் போய்விட்டது.

மங்கை தண்ணீர் சொட்டக் கரையேறினாள். அந்த இரண்டரை மணி நேரத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். எல்லாம் ஞாபகமிருந்தது, உப்பு ருசி உட்பட. ஆனால் அந்தச் சந்தோஷம் நூர்ஜஹானுடையது. இவள் அதற்கு உடம்பை வாடகைக்குக் கொடுத்ததோடு சரி. இவளுக்கென்று கேட்டுவைத்த ஒரு மணி நேரம் இன்னும் எங்கோ பாக்கி நின்றது.

மூன்று முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எஸ்தர் விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள்: "இப்ப என்னடி செய்யிறது?"

களைப்பு முழுதாக, ஒரு பிடி குறையாமல், திரும்பி வந்து நெஞ்சுக்குள் குந்தியது. கூடவே, சொல்ல வெட்கம், ஒரு நிம்மதியும் வந்தது. மங்கை ஈரக் கையைச் சேலையில் துடைக்கப் பார்த்தாள், சேலையும் ஈரம். ஜமுனாவின் முந்தானையை இழுத்துத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"முதல்ல பையை எண்ணுங்கடி" என்றாள்.